இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் நிற்கும் கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்திருப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதையொட்டி, பழைய வண்டிகளையெல்லாம் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதே நாட்டுக்கு நல்லது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். அந்த வாசகரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 2002ஆம் ஆண்டுக் கார் ஒன்றை, அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே மீட்டெடுப்பதற்காக மூன்று ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில், ஒரு வண்டியின் தகுதியை வயதை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில் உள்ள பிழையை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

என் அப்பச்சி (எங்கள் ஊர் வழக்கில் அப்பா) 2002இல் வாங்கிய சிவப்பு நிற ஃபியட் பாலியோ 1.6 அது. இன்றைய இளைஞர்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. 1996இல் பிரேசில் நாட்டில் முதலில் வெளிவந்த பாலியோ, புகழ்பெற்ற இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியுஜாரோவின் நிறுவனம் திருத்தியமைத்த முகத்தோடு 2001இல் இந்தியாவுக்கு வந்தது. மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினே நடுத்தரக் குடும்பத்தின் கனவாக இருந்த காலத்தில், நான்கு மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஒரு காருக்குள் 1596 சி.சி. கொள்ளளவும் பதினாறு வால்வுகளும் ஏறத்தாழ நூறு குதிரைத்திறனும் கொண்ட எஞ்சினை வைத்துக் கொடுத்தார்கள். சச்சின் டெண்டுல்கர் அதன் விளம்பரத் தூதராக இருந்தார். காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் மூன்றாம் கியரில் அப்பச்சி மிதிக்கும்போது, பின் இருக்கையில் இருக்கும் ஆத்தா (அம்மா) இரண்டு கைகளாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கார் எங்கள் குடும்பத்தில் பெற்றிருந்த இடத்தை அதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

சாதாரணச் சிறிய காரில் வலுவான எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்தி, வாரம் முழுவதும் வீட்டுக்கு உழைக்கும் வண்டியே ஓட்டுபவருக்கு மகிழ்ச்சியையும் தரும்படி செய்வதை மேலைநாட்டார் ஹாட் ஹேட்ச் என்பார்கள். 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. தான் இந்த வகைக்கு வழிகாட்டி. 5,000 கார்கள் செய்தால் போதும் என்று தொடங்கிய நிறுவனம், அந்த முதல் தலைமுறையிலேயே நான்கரை லட்சத்துக்கும் மேல் செய்து விற்றது. நம் நாட்டில் மைலேஜ் என்ன என்பதே முதல் கேள்வியாக இருந்ததால், இத்தகைய கார்கள் குறைவாகவே வந்தன. வந்தவையும் குறைவாகவே விற்றன. ஆகவே இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. பாலியோவின் 1.2 எஞ்சின் பின்னாளில் ஃபியட்டின் புன்டோ காரிலும் தொடர்ந்ததால் அதற்கான உதிரிபாகங்கள் ஓரளவு கிடைக்கின்றன. 1.6 எஞ்சின் புன்டோவுக்கு வரவில்லை. ஃபியட் நிறுவனமும் தன் பெயரில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஒரு 1.6 பாலியோ நசுக்கப்பட்டால், அதன் பாகங்களை நம்பியிருக்கும் மற்றொன்றின் ஆயுளும் குறைகிறது.

அப்பச்சியால் ஓட்ட முடியாமல் போனபின், 2011இல் கார் கோயம்புத்தூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகனிடம் போயிற்று. அவன் அதன்மேல் வைத்த பிரியத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயதுக்கே உரிய ஆர்வத்தில் பெரிய சக்கரங்களை மாட்டினான், சைலன்சரை மாற்றினான், ஸ்பிரிங்கைக் குறைத்து வண்டியைத் தாழ்த்தினான், கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டினான். 2014இல் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் கார் எங்கள் ஊர் வீட்டின் பின்கட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிய வீடு எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறப்போம். மற்ற நாளில் வீட்டைக் காவல் காப்பவர் முகப்பைப் பெருக்கிவிட்டுப் போவார். கொட்டகையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2017இல் பதிவுக்காலம் முடிந்ததுகூட எங்கள் நினைவில் இல்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று 2019 தை மாதத்தில் அந்தக் கொட்டகையைத் திறந்தபோது, நான்கு டயர்களும் தரையோடு தரையாக இருந்தன. டேஷ்போர்டுக்குக் கீழே எலிகள் வயரிங்கைத் தின்றிருந்தன. டேங்க்கில் மிஞ்சிய பெட்ரோல் பிசின்போல் இறுகி, பம்பை அடைத்திருந்தது. பிரேக் காலிப்பர்கள் துருவேறி இறுகிப் போயிருந்தன. ஓட்டுநர் பக்கத்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். என்றோ உள்ளே இறங்கிய மழைநீர் அடியில் தேங்கி, தரைத் தகட்டில் கையளவுக்கு அரித்திருந்தது. அழைத்துச் சென்ற மெக்கானிக் நேர்மையானவர். "அண்ணே, இதை எடைக்குப் போட்டால் உங்களுக்கு மிச்சம்" என்று சொன்னார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் நான் செலவழித்த மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாயை எந்தச் சந்தையிலும் அந்தக் கார் திருப்பித் தராது.

துருவைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்டெடுப்பு என்ற வேலையின் உண்மையும் பொய்யும் அங்கேதான் பிரிகின்றன. இரும்போடு ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு பிடிக்கும். உப்பு இருந்தால் விரைவாகப் பிடிக்கும். துருப்பிடித்த தகட்டின்மேல் பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் ஓராண்டு வரை கார் கண்ணாடிபோல் மின்னும். உள்ளே சிறைப்பட்ட ஈரம் தன் வேலையை நிறுத்துவதில்லை. ஓர் ஆடி கழிந்து அடுத்த ஐப்பசி வருவதற்குள் பெயிண்ட் கொப்புளிக்கும். எங்கள் ஊர் வீடுகளின் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியவர்கள் இதே அனுபவத்தைப் பெற்றிருக்கிறார்கள். சுவாசிக்கும் சுவரை அடைத்ததும் ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சையே பெயர்த்துக்கொண்டு வருகிறது. ஆகவே எங்கள் டிங்கரிங் மேஸ்திரியிடம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கைப்பிடிப் பட்டிகூட வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அரித்த பகுதியை நல்ல தகடு வரும் வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தார். கதவுகளின் அடி விளிம்பில் நீர் வடிவதற்கென்று தொழிற்சாலையிலேயே வைத்த சிறு துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன. அவற்றைத் திறந்ததுதான் அந்த மூன்று ஆண்டுகளில் காசு செலவில்லாமல் நடந்த மிகப் பெரிய வைத்தியம்.

இரும்பைவிடத் துத்தநாகம் முதலில் அரிபடும். தான் கரைந்து இரும்பைக் காக்கும். இந்த அறிவைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அழகப்பச் செட்டியார் அவர்கள் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பு அங்கே பல பத்தாண்டுகளாக ஆராயப்படும் பொருள். மண்டபம் கடற்கரையில் அதற்கென்று சோதனை நிலையமே உண்டு. காரைக்குடியில் அந்த நிறுவனத்தின் மதில் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பட்டறைகளில் துருவின்மேல் பட்டி பூசுவது இன்றும் வழக்கமாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பட்டறைத் தொழிலாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், பழைய கார்களுக்கு மட்டுமன்றி டிராக்டருக்கும் பேருந்துக்கும் பயன்படும்.

எஞ்சின் நான் அஞ்சிய அளவுக்குக் கெட்டிருக்கவில்லை. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் என்பதால், கையால்கூடச் சுற்றிப் பார்க்காமல் முதலில் பெல்ட்டையும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் ஒன்றாக மாற்றினோம். சில பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தன. கியர் லிங்க்கேஜின் தேய்ந்த புஷ்ஷைக் காரைக்குடி லேத்துப் பட்டறை ஒன்றில் மூன்று முறை கடைந்து பார்த்து, நான்காவது முறை சரியாக அமைந்தது. நிறத்துக்குத்தான் அதிகம் அலைந்தோம். வெயில்பட்ட சிவப்பு எப்போதோ வெளிறி ஆரஞ்சாகியிருந்ததால், எந்த இடத்தைப் பார்த்து நிறம் கலப்பது என்று தெரியவில்லை. கடைசியில் எங்கள் பெயிண்டர் ஸ்டெப்னியைத் தூக்கி, அதன் அடியில் வெயிலே காணாத தகட்டைத் துடைத்துக் காட்டினார். அப்பச்சி ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த அதே சிவப்பு அங்கே அப்படியே இருந்தது. அந்த இடத்தில் நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

கிட்டத்தட்ட என்ற சொல்லை மேலே பயன்படுத்தினேன். அதற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் 2002ஆம் ஆண்டுக்கே திருப்பிவிட முடியாது, திருப்பவும் கூடாது. டயரும் சீட் பெல்ட்டும் பிரேக் ஹோஸும் உயிர் காப்பவை. பழையதுதான் அசல் என்று அவற்றை வைத்துக்கொள்வது அறிவுடைமை அல்ல. பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருபது விழுக்காட்டை எட்டியிருக்கும் இக்காலத்தில், அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதைத் தாங்க மாட்டா. ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை டேங்க் முதல் எஞ்சின் வரை புதிதாகப் போட்டோம். இவற்றுக்கு அப்பால், பெரிய சக்கரங்களும் தாழ்த்திய ஸ்பிரிங்குகளும் இரைச்சல் சைலன்சரும் கழன்றன. பழைய அலாய் வீல்களை அண்ணன் மகன் விற்காமல் பரணில் வைத்திருந்தான் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

அசலுக்குத் திரும்புவது எங்கள் மனநிறைவுக்காக மட்டும் அன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி அதைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவதை அதே நீதிமன்றம் 2012இலேயே தடைசெய்தது. அப்படியானால், ஒருவர் தன் செலவில் காரை அசல் நிலைக்கு மீட்டெடுப்பது சட்டம் விரும்பும் நிலைக்கு அதைத் திருப்புவதே ஆகும். ஆனால் அப்படி மீட்ட காருக்கும் கைவிடப்பட்டுப் புகை கக்கும் காருக்கும் நம் விதிகளில் ஒரே மதிப்புதான். 2022இல் தாமதக் கட்டணத்தோடு பதிவைப் புதுப்பிக்கச் சென்ற இடத்தில், காரின் பானெட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆண்டைப் பார்த்துவிட்டு, இதை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முழுக் காப்பீடு கேட்ட இடத்திலும் இதே பதில்தான் கிடைத்தது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாத கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய மத்திய அரசு 2021இல் விதி வகுத்தது. வரவேற்கத்தக்க விதி அது; எங்கள் பகுதியின் பெரிய வீடுகளில் கவனத்தோடு காக்கப்படும் ஆஸ்டின், மாரிஸ் கார்களுக்கு அதனால் மரியாதை கிடைத்திருக்கிறது. ஆனால் இருபது வயதில் கட்டணத்தை இரட்டிப்பாக்கி, ஐம்பது வயதில் மாலை போட்டால், நடுவிலுள்ள முப்பது ஆண்டுகளை அந்தக் கார் எப்படிக் கடக்கும்? ஹாட் ஹேட்ச் வகையின் முன்னோடியான கோல்ஃப் ஜி.டி.ஐ. கூட 2026இல்தான் ஐம்பதைத் தொடுகிறது. எங்கள் பாலியோவுக்கு அந்தத் தகுதி 2052இல் வரும். அதுவரை அது காயலான் கடைக்குப் போக வேண்டிய பழைய கார் மட்டுமே.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதைச் செட்டிநாட்டுக்காரர்கள் வேறொரு பொருளில் கண்டிருக்கிறோம். எங்கள் வீடுகள் புதியவையாகவும் இல்லாமல் பழம்பெருமை பெற்றவையாகவும் இல்லாமல், வெறும் பழைய வீடுகளாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பங்காளிகள் பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல், பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தன. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று மிஞ்சிய வீட்டைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள், அன்று விற்ற அதே தூணைப் போன்ற ஒன்றைத் தேடி அதே தெருவில் பன்மடங்கு விலை கொடுக்கிறார்கள். ஒரு காரையும் ஒரு வளவு வீட்டையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. ஆனால் மதிப்பு தெரியாமல் அழித்துவிட்டுப் பின்னர் தேடும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

சுற்றுச்சூழல் பற்றி அந்த வாசகர் எழுப்பிய கேள்வி நியாயமானது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்னும் புகை வெளியேற்றத் தரத்துக்கு எங்கள் கார் ஈடாகாது என்பதை மறுக்கவில்லை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் புதிதாகப் போட்டிருக்கிறோம், புகைச் சோதனையில் தேறியிருக்கிறது, ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. அன்றாடம் ஓடிப் புகை கக்கும் வண்டியை நீக்குவதற்கு நானும் ஆதரவாளன்தான்.

ஜெர்மனியில் முப்பது ஆண்டுகளைக் கடந்து, அசல் நிலையில் நன்கு பராமரிக்கப்படும் கார்களுக்கு, வல்லுநர் ஆய்வு செய்து சான்றளித்தபின் எச் என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் கொடுக்கிறார்கள். 1997 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பழம்பெரும் வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பும் முப்பது ஆண்டுகளையே அளவாகக் கொள்கிறது. அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாமல், வரலாற்றுக்கு உண்மையாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அது நிபந்தனை வைக்கிறது. நம் நாட்டிலும் ஐம்பது என்பதை முப்பதாகக் குறைக்க வேண்டும். இருபது முதல் முப்பது வயது வரையுள்ள கார்களில், தயாரிப்பாளரின் விவரங்களோடு ஒத்திருப்பதாக ஆய்வில் தேறியவற்றுக்கு, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்போடு ஒரு தனிச் சான்று கொடுக்கலாம். அந்த வரம்பை நாங்கள் மனமுவந்து ஏற்போம். கட்டணச் சலுகையைவிட அந்த ஆய்வுதான் எங்களுக்கு முக்கியம். 10,000 ரூபாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்னால் கட்டிவிட முடியும். பழைய மாருதியில் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் சிறு வியாபாரிக்கு அது கனக்கும் என்பது தனியே பேச வேண்டிய செய்தி. மேலும், அழிப்பு மையங்களுக்கு வரும் அரிய கார்களை நசுக்கும் முன், பயன்படக்கூடிய கண்ணாடி, விளக்கு, இருக்கை போன்றவற்றைப் பட்டியலிட்டு, மீட்டெடுப்பவர்களுக்கு விற்க வழிசெய்தால் பேருதவியாக இருக்கும். எங்கள் காரின் வலப்பக்கப் பின்விளக்குக்காக நான் பதினான்கு மாதம் காத்திருந்தேன்.

எங்கள் காரின் பதிவு 2027இல் மீண்டும் புதுப்பிப்புக்கு வருகிறது. கட்டணத்தைச் செலுத்திவிட்டு அதே வரிசையில் நிற்பேன். இந்த முறை ஆய்வாளர் ஒருவர் பானெட்டைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பதும், அப்படிப் பார்த்து எழுதுவதற்கு அவருடைய படிவத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள். இதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் போக்குவரத்துத் துறையின் பார்வைக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி வட்டாரம், சிவகங்கை மாவட்டம்